படகும் பஸ்ஸும் சந்திக்கட்டும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இரயிலே இல்லாத தீவில் ஓர் இரயில்வே குமாஸ்தாவை மேடையேற்றிப் போக்குவரத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். 2017ஆம் ஆண்டில் இந்நகரிலிருந்து திக்லிப்பூர் வரை ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை போடும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. அது நிறைவேறியிருந்தால் நான் மாற்றல் கேட்டு இங்கேயே வந்திருப்பேன். அவ்வாறு ஆகவில்லை, விடுமுறையில் தங்கை வீட்டுக்கு வந்த விருந்தினனாகவே உங்கள் முன் நிற்கிறேன். மெட்ரிகுலேஷன் வரை படித்தவன். சென்னைப் புறநகர்ப் பாதையில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருபது ஆண்டுகளுக்கு மேல் அமர்ந்தவன். அந்த ஜன்னல் வழியே கண்டதைத்தான் என்னால் சொல்ல இயலும்.

என் தங்கையின் குடும்பம் பாம்பூபிளாட்டில் வசிக்கிறது. எதிரே சாத்தம் தெரிகிறது. படகில் வந்தால் சிறிது நேரப் பயணம். தரை வழியே ஃபெரார்கஞ்ச் சுற்றி வந்தால் நாற்பது கிலோமீட்டருக்கும் மேல். ஆகவே படகே அவர்களுடைய சாலை. தங்கை மகள் நாள்தோறும் படகில் கடந்து, சாத்தத்தில் பஸ் பிடித்து, நகரத்துக் கல்லூரிக்குச் செல்கிறாள். சென்ற வாரம் மூன்று நாட்கள் அவளோடு நானும் சென்றேன். மூன்று நாட்களிலும் நாங்கள் இறங்கியபோது பஸ்ஸின் பின்புறத்தைத்தான் கண்டோம்! மாலையில் நேர்மாறு: ஹாடோ வழியே நெரிசலில் ஊர்ந்து வந்த பஸ் சாத்தத்தை அடைவதற்குள் படகு துறையை விட்டுவிட்டது. எவரையும் குறை கூறேன். படகுக்காரர் தம் நேரத்தைக் காத்தார். பஸ்காரரும் இயன்ற வரை தம் நேரத்தைக் காத்தார். இரண்டு கால அட்டவணைகளையும் ஒரே மேசையில் விரித்து வைத்து எவரும் பார்க்கவில்லை என்பதுதான் என் கணிப்பு.

என் மைத்துனர் பொறுமை இழந்துவிட்டார். "மகளுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடப் போகிறேன்" என்கிறார். அவர் மீது தவறில்லை. கல்லூரியில் முதல் வகுப்பு தவறினால் வருகைப் பதிவில் குறையும். இருட்டிய பின் துறையில் ஒரு பெண்பிள்ளை தனியே நின்றால் எந்தத் தந்தைக்குத்தான் மனம் அமைதியாயிருக்கும்? ஆனால் அந்த ஸ்கூட்டர் எங்கே போகும் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் அது அதே படகில் ஏறும். ஒரு ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் மூன்று பேர் நிற்கலாம். படகு நிறையும், துறையில் வண்டிகளின் வரிசை நீளும். அப்பால் அது சாத்தம் பாலத்தைக் கடந்து, ஹாடோ வழியாக அபர்தீன் பஜாரில் போய் நிற்கும். அங்கே ஏற்கெனவே பஸ்ஸை மறித்து நிற்பவையும் இவ்வாறு பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் வாங்கிய வண்டிகளே அன்றோ? பஸ் தாமதமாவதால் வண்டி வாங்குகிறோம். வண்டி வாங்குவதால் பஸ் மேலும் தாமதமாகிறது. காராச்சர்மாவிலிருந்து காலையில் வருகிறவர்களும் இதே கதையைத்தான் என்னிடம் சொன்னார்கள்.

சாலையை அகலமாக்கலாமே என்பீர்கள். இயன்ற இடத்தில் செய்யட்டும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய இந்தப் போர்ட் பிளேர், 1858இல் கைதிக் குடியேற்றமாகத் தொடங்கிய ஊர். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் கடல். இடையே வளைந்து வளைந்து செல்லும் சாலை. 2011 மக்கட்தொகைக் கணக்கிலேயே நகரின் மக்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். 2023 ஜூலையில் விமான நிலையத்தின் புதிய கட்டடமும் திறக்கப்பட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் மேட்டை வெட்டி வழிவிட எத்தனை மேடுகள் இருக்கின்றன?

நிற்க. என் வேலையில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். மாதத்தின் முதல் நாள். சீசன் டிக்கெட் வாங்க நீண்ட வரிசை. ஓர் அம்மாள் ஜன்னலை அடைந்தபோது நான் சில்லறை எண்ணுவதில் இரண்டு நிமிடம் போக்கிவிட்டேன். வண்டி சரியான நேரத்துக்கு வந்தது, சரியான நேரத்துக்குப் புறப்பட்டது. அந்த அம்மாள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி போவதைப் பார்த்தபடி நின்றார். அன்றைய ஏட்டில் தாமதம் ஏதும் பதிவாகவில்லை. ஆனால் அவருக்கு இருபது நிமிடம் தாமதம். வேலை செய்யும் இடத்தில் வசவும் கிடைத்திருக்கலாம். எந்த ஏட்டிலும் ஏறாத இத்தகைய தாமதங்களே மக்களைப் பொதுப் போக்குவரத்திலிருந்து விரட்டுகின்றன என்பதை அன்று உணர்ந்தேன்.

பெருநகரங்களும் இதில் தடுமாறியிருக்கின்றன. சென்னையில் 1931ஆம் ஆண்டிலேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. மாம்பலம், பல்லாவரம், குரோம்பேட்டை ஆகிய ஊர்களில் மக்கள் நிலையத்துக்கு நடந்து போகும் தூரம் பார்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். அத்தகைய நகரத்தில் 2023 டிசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கத்தில் மிகப் பெரிய பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். இருப்புப்பாதை அருகிலேயே செல்கிறது. ஆனால் திறந்த நாளில் அங்கே இரயில் நிலையம் இல்லை! மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் வந்தவர்கள் ஊரப்பாக்கத்திலோ வண்டலூரிலோ இறங்கி, அங்கிருந்து வேறு வண்டி தேட வேண்டியதாயிற்று. அதே சென்னையில் 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, புறநகர் வண்டி மூன்றிலும் செல்லும் ஒரே சீட்டைக் கைப்பேசியில் எடுக்க வகை செய்தார்கள். இவற்றை இணைப்பதற்கென்று ஒரு குழுமம் அமைக்கும் சட்டம் இயற்றிய ஆண்டு 2010. ஒரு சீட்டு வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள்! நம் தீவில் அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை. இங்கே இணைக்க வேண்டியவை ஒரு படகும் சில பஸ்களுமே.

நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரும் தீவுதான். 1975இல் காலை நேரத்தில் நகர நடுவுக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தார்கள். 1990 முதல் புதிய வண்டி வாங்கும் உரிமையையே ஏலம் விடுகிறார்கள். இடையில் 1987இல் மெட்ரோ வண்டியும் ஓடத் தொடங்கியிருந்தது. அந்தக் கண்டிப்பு நமக்கு வேண்டாம். ஏலம் எடுக்க என் மைத்துனரால் ஆகாது. ஆனால் வண்டி வாங்காதே என்று சொல்லும் முன் வேறு வழியைத் திறந்து வைக்க வேண்டும் என்ற முறை நமக்கும் பொருந்தும்.

முன்னாளில் எங்கள் துறையில் கிளைப்பாதை வண்டி, மெயில் வண்டிக்காகச் சந்திப்பு நிலையத்தில் காத்திருக்கும். மெயில் தாமதம் என்றால் தந்தியில் செய்தி வரும். கார்டு கொடியை மடக்கி வைத்துக்கொண்டு நிற்பார். இதற்கு இணைப்பு என்று பெயர். அந்த ஐந்து நிமிடக் காத்திருப்பைத்தான் சாத்தத்தில் கேட்கிறேன். படகு துறையைத் தொட்டு, கடைசிப் பயணி ஏறிய பின் பஸ் புறப்படட்டும். மாலையில் பஸ் பாலத்தருகே வந்துவிட்டதென்றால் படகு சற்றுப் பொறுக்கட்டும். இருவரிடமும் கைப்பேசி இருக்கிறது. தந்திக்குத் தேவையே இல்லை. படகுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரு மாதச் சீட்டு இருந்தால் மிக நன்று. காலையில் இரண்டு மணி நேரமாவது பஸ் நிற்கும் இடங்களில் நம் வண்டிகளை நிறுத்தாதிருப்பது நம் கையில் உள்ளது. இதைச் சொல்லும்போது இங்கே சிலர் தலை குனிவதைக் காண்கிறேன்; கடை வைத்திருக்கும் என் நண்பர்கள் மன்னிப்பார்களாக.

செயலாளர் அவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறேன். இடப்பக்கம் படகின் நேரங்கள், வலப்பக்கம் பஸ்ஸின் நேரங்கள். நாங்கள் கண்ட அளவில், ஒன்றையொன்று தவறவிடும் இடங்களில் என் தங்கை மகள் சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறாள். கீழே அதிகாரிகளுக்கு நான்கு வரி விண்ணப்பம் எழுதி, முதற் கையொப்பமும் அவளே இட்டிருக்கிறாள். என் கப்பல் புறப்படும் வரை ஸ்கூட்டருக்கு முன்பணம் கொடுப்பதில்லை என்று மைத்துனர் வாக்களித்திருக்கிறார். தாள் வாயிலருகே மேசை மீது இருக்கிறது; பேனாவும் வைத்திருக்கிறேன்.