வாசிக்கும் பிள்ளைக்குக் கேட்கும் காது

(தாத்தா பாட்டிகள், முதியோர் உலக நாளை முன்னிட்டு வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



ஜூலை 26ஆம் நாள், அன்னை மரியாவின் பெற்றோரான புனித சுவக்கின், புனித அன்னம்மாள் ஆகியோரை நினைவுகூருகிறோம். இயேசுவுக்கு இவர்கள் தாத்தா, பாட்டி. இந்நாளை ஒட்டி வரும் ஜூலை மாதத்து நான்காம் ஞாயிறை, தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் உரிய நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு ஏற்படுத்தினார். அன்று திருப்பலி முடிந்ததும் பல பங்குகளில் பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், பழம் கொடுக்கிறோம், புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். நல்லதுதான். ஆனால் மறுநாள் திங்கட்கிழமை காலையில் அந்தப் பெரியவர் என்ன செய்வார் என்று நாம் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, கோவிலை ஒட்டியிருந்த தொடக்கப்பள்ளிக்கு நானே தாளாளர். காலைத் திருப்பலிக்குத் தவறாமல் வரும் ஒரு பாட்டி, திருப்பலி முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் கோவில் படியிலேயே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என்னிடம் வந்தார். “சாமி, பள்ளிக்கூடத்துல எனக்கு ஏதாச்சும் வேலை இருந்தா குடுங்க. சம்பளமெல்லாம் வேண்டாம்” என்றார். “எதுவரை படிச்சிருக்கீங்க பாட்டி?” என்று கேட்டேன். “ரெண்டாங்கிளாஸ் சாமி.” நான் சிரித்துக்கொண்டே, “நீங்க பிள்ளைங்களுக்காக ஜெபமாலை சொல்லுங்க பாட்டி, அதுவே பெரிய உதவி” என்று சொல்லி, நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பிவிட்டேன். ஜெபமாலை பெரிய உதவிதான். ஆனால் அன்று நான் அப்படிச் சொன்னது பக்தியால் அல்ல, வேறு யோசிக்கச் சோம்பல்பட்டதால்.

அடுத்த மாதம் நான்காம் வகுப்பு ஆசிரியை ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். தாத்தாவிடம் வளர்கிறான். எழுத்து தெரியும், ஆனால் கூட்டி வாசிக்க வராது. வாசிக்கச் சொன்னால் மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று வாயைத் திறப்பதே இல்லை. “முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவன் பக்கத்திலேயே உட்கார என்னால் முடியவில்லை ஃபாதர். யாராவது பொறுமையாக உட்கார்ந்து அவன் வாசிப்பதைக் கேட்டால் போதும்” என்றார்.

கேட்டால் போதும். அப்போதுதான் கோவில் படியில் உட்கார்ந்திருந்த பாட்டி நினைவுக்கு வந்தார்.

வகுப்பு வாசலிலேயே, ஆசிரியையின் பார்வை படும் இடத்தில் பாய் விரித்துப் பாட்டியையும் பையனையும் உட்கார வைத்தோம். “எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு ராசா. நீ வாசி, நான் கேக்குறேன்” என்றார் பாட்டி. அவன் திக்கினால் அவர் திருத்தவில்லை. திருத்த அவருக்குத் தெரியாது. காத்திருந்தார். அவர் காத்திருந்ததால் அவனே மறுபடி எழுத்தைப் பார்த்தான். கதை நின்றுபோனால், “அப்புறம் அந்த நரி என்ன செஞ்சுச்சு?” என்று கேட்பார். அதைத் தெரிந்துகொள்ள உண்மையிலேயே அவருக்கு ஆசை. அதற்காகவே அவன் அடுத்த வரியை வாசித்தான்.

அந்தப் பையன் வகுப்பில் முதலாவதாக வந்துவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசிக்கத் தொடங்கினான். ஒருமுறை பாட்டிக்குக் காய்ச்சல். நற்கருணை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் தரையில் உட்கார்ந்து பாடப்புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தான். அவன் பாடத்தை முடிக்கும்வரை நான் வாசலில் நின்றேன்.

அன்பார்ந்தவர்களே, லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை முழுவதும் வாசித்துப் பாருங்கள். எருசலேம் கோவிலில் சிமியோன் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்துகிறார். எண்பத்து நான்கு வயதுக் கைம்பெண்ணாகிய அன்னா, அந்தக் குழந்தையைப் பற்றி எல்லாரிடமும் பேசுகிறார். அதே அதிகாரத்தின் முடிவில், அதே கோவிலில், பன்னிரண்டு வயது இயேசு போதகர்கள் நடுவே அமர்ந்திருக்கிறார். அவர்கள் சொல்வதைக் கேட்கிறார், கேள்வியும் கேட்கிறார். அந்தச் சிறுவன் பேச, அவர்களும் கேட்டு வியக்கிறார்கள். ஒரு பிள்ளை ஞானத்தில் வளர வேண்டுமானால், அதைக் கையில் ஏந்தவும் ஆள் வேண்டும், அது பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கவும் ஆள் வேண்டும்.

“எங்களால் என்ன முடியும் சாமி?” என்று கேட்கும் பெரியவர்களுக்குச் சில வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, இப்போது சொன்னதுதான். வாரத்தில் இரண்டு நாள், அரைமணி நேரம், ஒரு பிள்ளை வாசிப்பதைக் கேளுங்கள். படிப்பு தடையல்ல.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் இந்தக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பாதுகாவலர் என்ற சொல்லைக் கவனியுங்கள். பெற்றோர் திருப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை செய்ய, பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர் நீங்களானால், கூட்டத்துக்குப் போங்கள். கழிவறையில் தண்ணீர் வருகிறதா, பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிறார்களா என்று கேட்க உங்களுக்கு இடம் உண்டு.

மூன்றாவது, உங்கள் கைத்தொழில். தச்சர் ஆடும் பெஞ்சைச் சரிசெய்யலாம். தையல் தெரிந்த அம்மா கிழிந்த சீருடையைத் தைத்துக் கொடுக்கலாம். விவசாயி பள்ளித் தோட்டத்தில் கத்தரியும் முருங்கையும் வளர்க்கக் கற்றுத்தரலாம். அந்தக் காய் பிள்ளைகளின் சத்துணவுக்கே உதவும்.

இது புதிய பழக்கமும் அல்ல. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதை அடுத்த ஆண்டுகளில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்களே பள்ளிக்கு வேண்டியவற்றை வாங்கிக் கொடுத்தார்கள். அன்று ஊர் கொடுத்த பலகையில் உட்கார்ந்து படித்த பிள்ளைகள்தான் இன்று எழுபதைத் தாண்டியிருக்கும் நீங்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க இது ஒரு வாய்ப்பு.

சில எச்சரிக்கைகளும் உண்டு. தலைமை ஆசிரியரின் அனுமதியோடு போங்கள். மற்றவர் கண்பார்வையில் இருங்கள். எந்தப் பிள்ளையையும் தனியே அழைத்துப் போக வேண்டாம். “எங்க காலத்துல...” என்று தொடங்கி ஆசிரியர்களைக் குறை சொல்ல வேண்டாம். அங்கே எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். நாம் மறைபோதகம் செய்யப் போகவில்லை, அன்பு செய்யப் போகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, வருகிறேன் என்று சொன்ன நாளில் வாருங்கள். ஏற்கெனவே பலருக்காகக் காத்திருந்து ஏமாந்த பிள்ளைகள் அவர்கள்.

இளைய குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை: வீட்டுப் பெரியவர்களை வாசற்காவலுக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள். என்னைப் போன்ற தாளாளர்களுக்கும் தலைமை ஆசிரியர்களான அருள்சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை: ஒரு முதியவர் வந்து வேலை கேட்டால், எதுவரை படித்தீர்கள் என்று என்னைப் போலக் கேட்காதீர்கள். ஒரு பாயை விரியுங்கள்.

பெரியவர்களே, இந்த வாரம் உங்கள் தெருவுக்கு அருகில் உள்ள பள்ளிக்கு ஒருமுறை போய், “நான் என்ன செய்யட்டும்?” என்று கேளுங்கள். ஜெபமாலையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். போகும் வழியில் அந்தப் பிள்ளைகளுக்காகச் சொல்லலாம்.

மன்றாடுவோம். அன்புத் தந்தையே, முதிர்ந்த வயதிலும் எங்களை உமது திராட்சைத் தோட்டத்துக்கு அழைப்பவரே, எங்கள் பெரியவர்களுக்கு உடல்நலமும் பொறுமையும் தாரும். காத்திருக்கும் பிள்ளைகளிடம் அவர்களைக் கொண்டு சேர்த்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.