பாட்டியின் வெள்ளி ரூபாய்

நுவரெலியா, அட்டன் தோட்டத்து லயங்களில், தகரப்பெட்டியின் அடியில் பாட்டி காலத்து வெள்ளி ரூபாய்கள் சில கிடப்பதுண்டு. 1872ஆம் ஆண்டில் இலங்கை ரூபாய், சதக் கணக்கை மேற்கொண்டபோது, இந்திய வெள்ளி ரூபாயே இங்கும் செலாவணியாயிற்று. உழைத்த கைகள் அதனைச் சேமிப்பாகவும் அணியாகவும் போற்றின.

மருந்துக்கோ படிப்புக்கோ அதனை விற்க நேருங்கால், தராசை மட்டும் நம்பலாகாது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த ரூபாய்கள் மூவகை. 1939 வரையிலானவற்றில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரையிலானவற்றில் பாதியே வெள்ளி. 1947ஆம் ஆண்டு ரூபாயோ வெறும் நிக்கல். மூன்றும் எடையில் ஒன்றே: 11.66 கிராம்! முதல் வகையில் மட்டும் ஏறக்குறைய 10.69 கிராம் தூய வெள்ளி உண்டு. அதனை அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் உலோக மதிப்பு விளங்கும்.

ஞாபகார்த்த நாணயங்களுக்கும் இதுவே விதி. 1957ஆம் ஆண்டுப் புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் 28.28 கிராம், அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளி. பதக்கங்களுக்கோ பொதுத் தரம் இல்லை. உரைத்துப் பார்த்தே அறிதல் வேண்டும். புளியிட்டுத் துலக்கிய காசுக்குச் சேகரிப்போர் தரும் விலை குறையும்.

பள்ளி செல்லும் பேத்தி ஆண்டினை வாசித்துச் சொன்னால், பாட்டியின் உழைப்பு மலிவாய்ப் போகாது.