கடற்கொள்ளையும் சட்டத்தின் எல்லையும்

(கெலிஓயாவில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



மகாவலிக் கரையிலே நின்றுகொண்டு கடற்கொள்ளையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நகைக்கலாம். கெலிஓயாவிலிருந்து கடலைக் காண முடியாது, உண்மைதான். ஆயினும், கடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் நம்மிலே பலர். நாம் பறிக்கும் கொழுந்து தேயிலையாகிக் கடல் வழியேதான் உலகை அடைகிறது. எனவே, கடலில் நிகழும் குற்றமும் அதனை விசாரிக்கும் மன்றமும் நமக்குப் புறம்பானவை அல்ல.

1999 ஒக்டோபர் 22ஆம் நாள். 'அலோண்ட்ரா ரெயின்போ' என்னும் யப்பானியருக்குரிய கப்பல், ஏறத்தாழ 7,000 தொன் அலுமினியக் கட்டிகளோடு இந்தோனேசியாவின் குவாலா தஞ்சுங் துறையினின்றும் யப்பானை நோக்கிப் புறப்பட்டது. புறப்பட்ட இரவே கொள்ளையர் அதனைக் கைப்பற்றினர். கப்பலில் இருந்த 17 பேரையும் சில நாள் அடைத்து வைத்துப் பின்னர் ஒரு தெப்பத்தில் ஏற்றி நடுக்கடலில் விட்டனர். நவம்பர் 8ஆம் நாள் தாய்லாந்து மீன்பிடிப் படகொன்று அவர்களைக் கண்டது. காணாதிருந்தால்? கத்தி எடுத்துக் குத்தினால் மட்டுந்தானா கொலை? குடிக்க நீரின்றி அலைமேல் விடுவதும் கொலைக்கு ஈடான கொடுமையே.

கப்பலுக்கு 'மெகா ராமா' என்று புதுப் பெயர் தீட்டினர். பெயரை மாற்றினர், பிழைக்க முடியவில்லை. அரபிக் கடலிலே இந்தியக் கரையோரக் காவற்படையின் 'தாராபாய்' தொடர, கடற்படையின் 'பிரஹார்' சென்று மடக்கியது. கப்பலில் இருந்த 15 இந்தோனேசியர் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டனர்.

வழக்கு நடந்தது. 2003இல் செசன்ஸ் நீதிமன்றம் 14 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. அவர்கள் மேன்முறையீடு செய்தனர். 2005இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கி அவர்களை விடுவித்தது!

கொள்ளையரை விட்டுவிட்டார்களே என்று குமுறத் தோன்றும். தெப்பத்தில் தவித்த 17 பேரை நினைத்தால் அக்குமுறல் நியாயமே. ஆனால், நீதிமன்றத்தின் கையிலே அரசு கொடுத்திருந்த கருவி யாது? 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலே கடற்கொள்ளைக்கெனத் தனிப் பிரிவே இருக்கவில்லை. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பழங் கடற்சட்டங்களைத் தேடியெடுத்து ஒட்டுப்போட வேண்டியிருந்தது. கொள்ளையரை எந்நாடும் பிடித்து விசாரிக்கலாம் என்கிறது ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை. இந்தியா 1995இலேயே அதனை ஏற்புறுதி செய்தது. எனினும், உடன்படிக்கைக்கு ஏற்ற உள்நாட்டுச் சட்டத்தை இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசெம்பரிலேதான்! கடற்கொள்ளையில் உயிர்ச்சேதம் விளைவித்தால் மரண தண்டனையும் விதிக்கலாம் என்கிறது அச்சட்டம். நமது இலங்கையோ 2001ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கடற்கொள்ளைச் சட்டத்தால் அவ்விடைவெளியை முன்னரே அடைத்துக்கொண்டது.

இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் என்ன? மேன்முறையீட்டு மன்றம் சட்டத்தை ஆக்குவதில்லை. ஆக்கி வைத்ததை அளந்து பார்க்கிறது. சட்டம் குறைந்தால் குற்றவாளி தப்புவான். சட்டமே கொடியதானால் குற்றமற்றவன் அகப்படுவான்.

இரண்டாவதற்குச் சான்று தேடி நாம் கடலுக்குப் போகவேண்டியதில்லை. 1947 தேர்தலில் மலைநாட்டுத் தொழிலாளரின் வாக்கு இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் தேர்தல் திருத்தச் சட்டம் வந்தது, வாக்கு போயிற்று. கோடக்கன் பிள்ளை என்பவர் வாக்காளர் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்குமாறு வழக்காடினார். அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையோரைக் காக்கும் என நம்பி, அவ்வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்றது. தன் குடிமக்கள் யாவர் என வரையறுக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரமுண்டு என்று கூறி, 1953இல் அக்கழகம் மேன்முறையீட்டைத் தள்ளியது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. இடையிலே ஐம்பது ஆண்டுகள்!

பம்பாயிலே மேன்முறையீடு வென்றது, இலண்டனிலே தோற்றது. ஒருபால் கப்பலைக் கடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டோர். மறுபால் ஒரு வாக்குச்சீட்டைக் கேட்ட மனிதர். இரு வழக்கின் முடிவுக்கும் வித்திட்ட இடம் பாராளுமன்றமே.

ஆகவே தோழர்களே, எழுதப்படாத சட்டத்தால் எவரையும் தண்டியாதே என்று நாம் கேட்போம். அது கொள்ளையனுக்குக் காட்டும் தயவன்று, நமக்கே நாம் எழுப்பும் அரண். நீதி கேட்டு நீதிமன்ற வாயிலில் நிற்குமுன், சட்டமூலம் வரும்போதே வாசிப்போம். வாக்குக் கேட்டு வருவோரிடம் அதைப்பற்றி வினவுவோம். தீர்ப்பு வந்தபின் புலம்புவதைவிடச் சட்டம் பிறக்கும்போதே விழித்திருப்பது மேல்.