நாலு ஏக்கர் பால்மரமும் நம் வீட்டுக் கணக்கும்
(லாயாங் லாயாங்கில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"ஓய்வுப் பணம் வந்ததும் நாலு ஏக்கர் வாங்கிப் பால்மரம் வைக்கலாமா?" என்று நம்மில் பலர் கேட்கிறார்கள். லாயாங் லாயாங்கைச் சுற்றி இன்று கண்ணுக்குத் தெரிவது செம்பனைதான். ஆயினும் கை பழகியது பால்வெட்டு. மனம் அங்கேதான் போகிறது. போகட்டும். நிலத்தில் கால் வைக்குமுன் கணக்கைப் பார்ப்போம்.

ஏக்கருக்கு 180 மரம் என்றால் நாலு ஏக்கருக்கு 720. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் நாளைக்கு 360 மரம், நண்பகலுக்குள் முடித்துவிடலாம். ஹெக்டருக்கு ஆண்டுக்கு 1,400 கிலோ காய்ந்த ரப்பர் என்று வைத்துக்கொள்வோம். நம் 1.6 ஹெக்டருக்கு 2,240 கிலோ. பாதி நீர் கலந்த கட்டிப்பாலாக நிறுத்தால் 4,480 கிலோ. விலை கிலோ 3 ரிங்கிட் என்று போடுங்கள். விலை இதற்குக் கீழே போனால் குறையை ஈடுசெய்வதென 2024இல் அரசாங்கம் வைத்த அளவு அதுதான். மொத்தம் 13,440. மாதத்துக்கு 1,120 ரிங்கிட். உரம், மருந்து, வண்டிக்கூலி இதிலிருந்து போக வேண்டும். 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளமோ 1,700!

"அரைநாள் வேலைதானே?" என்பீர்கள். உண்மை. ஆனால் மங்கிலிருந்து கட்டி எடுப்பது மனைவி. வாளி சுமப்பது மகன். அவர்கள் கூலியை எந்த ஏட்டில் எழுதினோம்? பெரிய தோட்டம் எழுதியே தீரவேண்டிய செலவை நாம் எழுதுவதில்லை. சிறுதோட்டத்தின் பலமும் அதுதான், பொறியும் அதுதான். பெரிய தோட்டங்கள் செம்பனைக்குத் தாவிய பின்பும் சிறுதோட்டக்காரர் ரப்பரை விடவில்லை. இன்று மலேசிய ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு அவர்கள் கையிலிருந்துதான் வருகிறது.

இவர்களுக்கு நியாயம் கிடைத்ததா? 1922இல் ஸ்டீவன்சன் திட்டம், 1934இல் சர்வதேச ஒப்பந்தம், இரண்டிலும் சிறுதோட்டத்துக்குக் குறைந்த பங்கே எழுதினார்கள். 1946இல் இங்கு வந்து சிறுதோட்டங்களை ஆராய்ந்த பாவர் என்ற பொருளியல் அறிஞர் அதை எடுத்துக்காட்டினார். நெருக்கி நட்ட மரங்களைத் துரைமார் ஏளனம் செய்தார்களே, அதிலும் ஒரு கணக்கு உண்டு என்றார் அவர். கூலி கொடுக்காதவனுக்கு மரத்துக்கு இத்தனை என்பது முக்கியமில்லை. ஏக்கருக்கு எவ்வளவு என்பதே முக்கியம்.

அதே கணக்குத்தான் 1950களில் நம்மை அடித்தது. தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். துண்டை வாங்கியவனுக்கு வேண்டியது குடும்ப உழைப்போ பங்கு வெட்டோ. லயத்தில் இருந்த தொழிலாளி வேண்டாம். அதற்கு விடையாக 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். 10, 10 வெள்ளியாகத் தொழிலாளர் கட்டிய பணம் தோட்டத்தைத் துண்டாக்காமல் முழுதாகவே வாங்கியது.

சரி, கன்று நட்டால் பால் எப்போது? ஆறு ஆண்டு. இந்த ஆறு ஆண்டுதான் ஆளை விழுத்தாட்டுகிறது. நிழல் மூடுமுன் முதல் இரண்டு மூன்று ஆண்டில் வாழையோ அன்னாசியோ போடலாம். பிறகு ஒன்றும் விளையாது. மறுநடவு உதவிக்கு ரிஸ்டா உண்டு, 1973இலிருந்து. முதலில் அங்கே போய்க் கேளுங்கள். பழைய மரமுள்ள நிலமானால் நாலு ஏக்கரையும் ஒரே மூச்சில் வெட்டிச் சாய்க்காதீர்கள் என்பது என் யோசனை. பாதி நிற்கட்டும்.

செம்பனை மூன்றாம் ஆண்டே குலை தள்ளும். ஆனால் அறுத்த குலை காத்திருக்காது. மறுநாளுக்குள் ஆலைக்குப் போகவேண்டும், வியாபாரி சொன்னதே விலை. கட்டிப்பாலைச் சில வாரம் வைத்திருக்கலாம். விலை மிகவும் விழுந்தால் கத்தியைக் கீழே வைக்கலாம், பட்டைக்கும் ஓய்வு.

கடைசியாக ஒன்று. ஒரு காலத்தில் கிழட்டு மரம் விறகுக்குத்தான் போயிற்று. இன்று அந்த மரத்தில்தான் நம் ஜொகூர் மூவாரில் நாற்காலியும் மேசையும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். மரம் வெட்ட வருகிற கண்டிராக்டர் "நிலத்தைச் சுத்தம் செய்து தருகிறேன்" என்பான். மரத்துக்கு என்ன விலை என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.