வங்கியாளர் கோட்டைக்கு வந்தால்

(பொதட்டூர்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



கடன் கேட்டு வங்கிக்குப் போனால், மேலாளர் முதலில் 'முடியாது' என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ஓட்டுக் கேட்டு வருகிறவரோ 'முடியும்' என்று சொல்லியே ஆக வேண்டும். முதல் தொழிலில் தேர்ந்தவர் இரண்டாவது தொழிலுக்கு வந்தால் என்ன ஆகும்? இருவரின் வரலாற்றைக் கொண்டு பார்ப்போம்.

ஒருவர் உக்ரைனின் விக்தர் யூஷ்செங்கோ. 1993இல் அந்நாட்டு தேசிய வங்கியின் தலைவரானார். அந்த ஒரே ஆண்டில் விலைவாசி ஏறத்தாழ நூறு மடங்கு ஏறியது. 1996 செப்டம்பரில் ஹிரிவ்னியா என்ற புதிய நாணயம் வந்தது. பழைய பணம் ஒரு லட்சம் கொடுத்தால் புதியது ஒன்று. 1999 இறுதியில் பிரதமரானார். 2001 ஏப்ரலில் நாடாளுமன்றம் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. 2004 தேர்தல் களத்தில் அவர் உடலில் டையாக்சின் நஞ்சு ஏறி முகமே மாறிப்போனது. வாக்கு மோசடியை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மறுவாக்குப்பதிவில் வென்று 2005 ஜனவரியில் அதிபரானார். 2010இல் மீண்டும் நின்றபோது கிடைத்தது ஐந்தரை சதவீதத்துக்கும் குறைவான வாக்கு. ஆள் தோற்றார், அவர் காலத்து நாணயம் இன்றும் புழங்குகிறது.

மற்றவர் நம் பழனிவேல் தியாகராஜன். பாட்டனார் பி.டி.ராஜன் நீதிக்கட்சித் தலைவர், 1936இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சர். தந்தை பழனிவேல்ராஜன் 1996 முதல் 2001 வரை சட்டப்பேரவைத் தலைவர். பேரன் திருச்சியில் வேதிப் பொறியியல் படித்து, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, லேமன் பிரதர்ஸிலும் பிறகு சிங்கப்பூர் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியிலும் உயர் பொறுப்புகளில் இருந்தார். 2016இல் மதுரை மத்தியத் தொகுதியில் வென்றார். 2021 மே மாதம் தமிழ்நாட்டின் நிதியமைச்சரானார்.

வந்ததும் அவர் செய்த முதல் பெரிய காரியம், அந்த ஆகஸ்ட் 9ஆம் தேதி வெளியிட்ட வெள்ளை அறிக்கை. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் ரூ.2,63,976 அரசுக் கடன் இருக்கிறது என்றார். நான்கு நாள் கழித்து வந்த வரவு செலவுத் திட்டத்தில் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார். அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்பதையும் சேர்த்தே சொன்னார். 2020-21இல் சுமார் 62,000 கோடியாக இருந்த வருவாய்ப் பற்றாக்குறை, 2022-23இல் சுமார் 36,000 கோடியாக இறங்கியது.

ஆனால் 'முடியாது' என்பதும் கூடவே வந்தது. கூட்டுறவு வங்கியில் 5 சவரன் வரை வைத்த நகைக்கடன் தள்ளுபடி என்பது தேர்தல் வாக்குறுதி. தகுதி பார்த்துச் சலித்தபோது, அடகு வைத்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. குடும்பத் தலைவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்பதை 2023 மார்ச்சில் அவர்தான் அறிவித்தார். 'தகுதி வாய்ந்த' என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. செப்டம்பரில் பணம் வந்தபோது நிதித்துறை தங்கம் தென்னரசு கையில். இவரிடம் தகவல் தொழில்நுட்பத் துறை.

சலித்தது தவறு என்று நான் சொல்லவில்லை. கடனில் இருக்கும் அரசு சலிக்கத்தான் வேண்டும். ஆனால் வங்கியில் மறுக்கப்பட்டவர் வேறு வங்கிக்குப் போகலாம். அரசு மறுத்தால் போக வேறு அரசு கிடையாது. ஆகவே எந்த அளவுகோலால் மறுத்தோம் என்பதை அரசு ஊர் நடுவே நின்று சொல்ல வேண்டும். வெள்ளை அறிக்கையில் காட்டிய திறந்த மனம், தகுதிப் பட்டியலிலும் வேண்டும்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. 2023 மார்ச் முதல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 1,000 யூனிட் ஆனது. தறி ஓடும் நம் ஊருக்கு நல்லதுதான். அதற்கான மானியம் எந்த வரியிலிருந்து போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? சலுகை வாங்குவதும் நாம்தான், வரி கட்டுவதும் நாம்தான்.

கோட்டைக் கணக்கு தொலைவில் இருக்கலாம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கப் பேரவைக் கூட்டம் உள்ளூரில்தானே நடக்கிறது? வரவு செலவு வாசிக்கும்போது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள்; நூல் கொள்முதல் என்ன விலை, நிலுவை யாரிடம் என்று விசாரியுங்கள். அப்படிக் கேட்டுப் பழகிய ஊரில்தான், கணக்கைத் திறந்து காட்டும் அமைச்சருக்கும் ஓட்டு விழும்.