விடிய விடியப் பாடுகிறவர்கள்



1940ஆம் வருஷம் மார்ச் முதல் தேதியிலிருந்து அகில இந்திய வானொலியில் ஆர்மோனியம் வாசிக்கக் கூடாது என்று உத்தரவானது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிப் போக அந்தப் பெட்டியில் வழி கிடையாது, நம்முடைய கமகம் அதில் பேசாது, அது ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த வாத்தியம் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். தாகூரும் ஆர்மோனியத்தை விலக்கச் சொன்னவர்களில் ஒருவர். முப்பது வருஷத்துக்கு மேல் நீடித்த அந்தத் தடை 1971இல்தான் தளர்ந்தது.

சொன்ன காரணம் பொய்யில்லை. வீணையில் தந்தியை இழுத்து வாங்குகிற அசைவு ஆர்மோனியக் கட்டையில் வராதுதான். ஆனால் தடை இருந்த அத்தனை வருஷமும் மதுரையை ஒட்டிய மேலூர், திருவாதவூர், ஒத்தக்கடைப் பக்கத்து ஊர்களில் திருவிழா என்றால் நாடகம், நாடகம் என்றால் முதலில் மேடையேறுவது ஆர்மோனியம் என்றுதான் இருந்தது. ஒரு பக்கம் சங்கீதத்தில் சேர்த்தியில்லை என்று தள்ளிவைத்த வாத்தியம். இன்னொரு பக்கம் அதைச் சுற்றி ஊரே பாய் விரித்து விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. இசையில் உசத்தி, மட்டம் என்று கோடு கிழிக்கும்போது கோட்டுக்கு அந்தப் பக்கம் என்னவெல்லாம் போய்விடுகிறது என்று பார்க்க, இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துச் சுவர்களில் நாடக நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திர மயான காண்டம். நடிகர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், பபூன் யார் என்று போட்டிருக்கும். இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். நிரந்தரக் குழு என்று ஒன்று கிடையாது. நாரதர் ஓர் ஊரிலிருந்து வருவார், வள்ளி வேறோர் ஊரிலிருந்து வருவார். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துகிறார்கள். ஒத்திகை கிடையாது. நேராக மேடையில்தான் சந்திப்பு. எல்லாருக்கும் பொதுவாக இருப்பது நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த பாதையும், எல்லாரையும் தாங்கிப் பிடிக்கிற ஆர்மோனியமும்தான்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் பிறந்து 1922இல் மறைந்தவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்த சபை அது. இன்றைக்கும் மதுரை நாடகக்காரர்கள் அவரை வாத்தியாராகத்தான் கும்பிடுகிறார்கள்.

வள்ளி திருமணத்தில் நாரதரும் வள்ளியும் செய்கிற தர்க்கத்தைக் கேளுங்கள். பபூன் வந்து சிரிக்கவைத்துப் போன பிறகு, நள்ளிரவு தாண்டித்தான் அது சூடு பிடிக்கும். நாரதர் ஒரு கேள்வியைப் போடுவார். வள்ளி வசனத்தில் பதில் சொல்லி, அதையே பாட்டாக எடுப்பார். எந்த ராகத்தில் எடுப்பார், எந்த இடத்தில் நிறுத்துவார் என்பது ஆர்மோனியக்காரருக்கு முன்கூட்டித் தெரியாது. முதல் இரண்டு ஸ்வரம் காதில் விழுந்ததும் வலது கை அங்கே போய்விட வேண்டும். இடது கை துருத்தியை விடாமல் போட்டுக்கொண்டே இருக்கும். பாடுகிறவருக்கு மூச்சு வாங்கினால் அந்த இடைவெளியை நிரப்பி, பின்பாட்டும் பாடி, அடுத்த அடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பக்கத்தில் மிருதங்கம். அந்தப் பக்கம் ஆல்ரவுண்ட் என்று சொல்கிற கலைஞர், தாளத்திலிருந்து இடிமுழக்கம் வரை தேவையான சத்தத்தையெல்லாம் ஒருவரே கொடுத்துக்கொண்டிருப்பார். மணி இரண்டாகும், மூன்றாகும். கேட்கிறவர்களுக்கும் விஷயம் தெரியும்; பதில் சப்பென்று இருந்தால் கூட்டத்திலிருந்தே குரல் வரும்.

மைக் இல்லாத காலத்தில் கடைசி ஆள் வரைக்கும் எட்ட வேண்டும் என்பதற்காக உச்சக் கட்டையில் பாடிப் பழகிய மரபு இது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இந்த மேடையில் வளர்ந்த குரல்கள். அந்த வீச்சைக் கேட்டுவிட்டு ‘அது டிராமாப் பாட்டு’ என்று ஒரே சொல்லில் ஒதுக்குகிறவர்கள் உண்டு. கச்சேரிக்காரர்களில் உண்டு, சினிமாப் பாட்டே கதி என்று இருப்பவர்களிலும் உண்டு. இன்றைய நாடகத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பபூன் காமிக்கில் இரட்டை அர்த்தம் கூடிவிட்டது. குடும்பத்தோடு வந்தவர்கள் எழுந்து போவதையும் பார்க்கிறோம். ஆனால் பபூனைக் காரணம் காட்டித் தர்க்கத்தைக் கேட்காமல் விடுகிறவருக்குத்தான் நஷ்டம்.

ஆர்மோனியத்துக்கு நேர்ந்தது சினிமாப் பாட்டுக்கும் நேர்ந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுள்ளவர். வானொலியின் தேசிய சங்கீத நிகழ்ச்சி அந்த வருஷம்தான் தொடங்கியது. எத்தனையோ மேதைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த நிகழ்ச்சி அது. அதற்காக அவரை நன்றியோடுதான் நினைக்க வேண்டும். ஆனால் அதே கையோடு அவர் சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து கழித்துக் கட்டினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியை வைத்தார்கள். நம் ஊர் டீக்கடைகளில் அங்கத்து அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலும், பின்னால் கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்களும் கேட்டதற்கு இந்தக் கதவடைப்பும் ஒரு காரணம். 1957 அக்டோபர் 3ஆம் தேதி அகில இந்திய வானொலியின் விவித் பாரதி வந்த பிறகுதான் போனவர்கள் திரும்பத் தொடங்கினார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். மதுரையில் எந்தத் தனியார் எஃப்.எம்.மைத் திருப்பினாலும் சினிமாப் பாட்டுத்தான். காலையில் கேட்டதே மத்தியானமும் வரும், சாயங்காலமும் வரும். விளம்பரத்தில் ஓடுகிற நிலையத்துக்கு, கேட்கிறவர் அடுத்த நிலையத்துக்குத் தாவிவிடக் கூடாது என்பதுதான் கவலை. அதனால் யாருக்கும் பிடிக்காமல் போகாத பாட்டாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். யாருக்கும் பிடிக்காமல் போகாத பாட்டு வேறு, ஒருவருக்கு உயிராகிவிடுகிற பாட்டு வேறு. நாம் கேட்காத ஒன்றை, அப்படி ஒன்று இருக்கிறது என்றே நமக்குத் தெரியாத ஒன்றைக் கொண்டுவந்து காதில் போடுகிற வேலையை வானொலியைப் போல வேறு எதுவும் செய்ததில்லை. அந்த வேலைதான் இப்போது குறைந்துபோயிற்று என்பது என் வருத்தம்.

அந்த வேலை நடந்ததற்குச் சாட்சி கொல்லங்குடி கருப்பாயி. காளையார்கோவில் பக்கத்துக் கொல்லங்குடிக்காரர். நடவுக்கும் களையெடுப்புக்கும் பாடிய பாட்டை வானொலிக்கு வந்து பாடினார். பிறகு 1985இல் ‘ஆண்பாவம்’ படத்தில் பாட்டியாக நடித்துப் பாடியபோது தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. சினிமாவால் தெரியவந்த இன்னொரு குரல் பரவை முனியம்மா. மதுரைக்குப் பக்கத்துப் பரவைக்காரர். மேடை மேடையாகக் கிராமியப் பாட்டுப் பாடி வந்தவர். 2003இல் ‘தூள்’ படம் வந்த பிறகுதான் அவர் முகம் ஊருக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில் இன்னொரு வகை மேட்டிமையையும் சொல்லியாக வேண்டும். இது புதுசு, படித்த பிள்ளைகளிடம் பார்க்கிறேன். யாரும் கேட்காத ஒரு பாடகரைக் கண்டுபிடித்துப் பொக்கிஷமாக வைத்துக்கொள்வார்கள். அவரையே சினிமா கூப்பிட்டு, பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் அவர் பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டால், ‘அவ்வளவுதான், கமர்ஷியலாப் போயிட்டாங்க’ என்று கைவிடுவார்கள். முனியம்மாவின் குரல் 2003க்கு முன்னும் அதே குரல்தான், பின்னும் அதே குரல்தான். மாறியது கூட்டம். கேட்கிற கூட்டம் பெருத்துவிட்டது என்பதற்காக ஒரு பாட்டு மட்டமாகிவிடாது. சிறுத்திருக்கிறது என்பதற்காக உசந்துவிடவும் செய்யாது. பாவம், அந்தக் கலைஞருக்கு நாலு காசு வருவதில் நமக்கு என்ன குறை?

திருவாதவூரில் இருந்துகொண்டு உசத்தி மட்டம் பேசுவதில் எனக்குத் தனியாக ஒரு கூச்சம் உண்டு. இது மாணிக்கவாசகர் பிறந்த ஊர். பாண்டியனிடம் அமைச்சராக இருந்தவர் என்கிறது வரலாறு. கல்விக்கும் பதவிக்கும் குறைவில்லை. அப்படிப்பட்டவர் பாட உட்கார்ந்தபோது எந்தெந்த உருவங்களை எடுத்திருக்கிறார் என்று திருவாசகத்தைப் புரட்டிப் பாருங்கள். திருவம்மானை, பெண்கள் காய் வீசி ஆடுகிற ஆட்டத்துப் பாட்டு. திருப்பொற்சுண்ணம், வாசனைப் பொடி இடிக்கும்போது உலக்கைக்குப் பாடுவது. திருச்சாழல், ஒருத்தி கேட்க ஒருத்தி மடக்குவது. திருப்பூவல்லி, திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல், எல்லாம் முற்றத்திலும் மரத்தடியிலும் கிடந்த மெட்டுகள். சாழலில் இரண்டு பெண்கள் கேள்வியும் பதிலுமாக மோதிக்கொள்வதைப் படிக்கும்போது எனக்கு வள்ளியும் நாரதரும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அவற்றை மட்டம் என்று அவர் தள்ளியிருந்தால் திருவாசகம் பாதியாகியிருக்கும். அந்தத் திருவாசகத்தைத்தான் பண்ணைப்புரத்து இளையராஜா 2005இல் ஹங்கேரி நாட்டு இசைக்குழுவோடு சேர்த்துக் கொடுத்தார். உலக்கைப் பாட்டு புடாபெஸ்ட் வரை போய் வந்துவிட்டது.

ஆகவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். எஃப்.எம். கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. இந்த வருஷம் பங்குனியிலிருந்து வைகாசிக்குள் உங்கள் பக்கத்து ஊரில் வள்ளி திருமணம் போட்டால் போய் உட்காருங்கள். பத்து மணிக்குப் போய் பதினொன்றுக்கு எழுந்து வந்துவிடாதீர்கள். தர்க்கம் வரும்வரை இருங்கள். முதல் அரை மணி நேரம் ஒலிபெருக்கிச் சத்தமும் உச்சக் குரலும் பழகாத காதுக்குச் சிரமமாக இருக்கும். அதற்குள் முடிவு கட்டிவிட வேண்டாம். பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால், ‘ஐயா, இது எந்த வாத்தியார் பாடம்?’ என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். நோட்டீஸில் ராஜபார்ட் படத்தோடு நின்றுவிடாமல் பக்கவாத்தியக்காரர்கள் பெயரையும் படித்துப் பாருங்கள். பாட்டு பிடித்திருந்தால் ஆர்மோனியக்காரரிடம் போய் அதைச் சொல்லுங்கள். வானொலிக்கும் ஒரு கார்டு போடுங்கள், இன்னாருடைய நாடகப் பாட்டை ஒலிபரப்புங்கள் என்று.