நோன்பும் நோயும்

(பெரிய முதலியார்சாவடியில் நம் குடும்பங்கள் கூடிய நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மரக்காணத்து உப்பளங்களைத் தொட்டுத் தெற்கே புதுச்சேரி நோக்கி நீளும் இக்கடற்கரையில் இன்று நாம் கூடியிருக்கிறோம். திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டாரங்களின் சிற்றூர்களே நம்முள் பலர்க்குப் பூர்வீகம். விழா மேடைகளில் தீர்த்தங்கரர் வரலாற்றையும் காப்பியச் சிறப்பையும் பேசுவது நம் வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினின்று சற்று வேறுபட்டது. உணவை மறுக்கும் நோய் என்று ஒன்று உண்டு. அது ஏன் வருகிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். நோன்பைப் பெருமையாகப் போற்றும் சமூகம் நம்முடையது. ஆகவே இதனை அறிந்துகொள்ளும் கடமை பிறரைக் காட்டிலும் நமக்கு மிகுதி.

நம் நோன்பு மரபின் தொன்மைக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்று இருக்கிறது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட இடம். சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததையும், இளையபட்டாரர் 30 நாள் நோற்றதையும் அங்குள்ள கல்வெட்டுகள் கூறுகின்றன. அத்தகைய மண்ணில் பிறந்த நமக்கு உண்ணாமை என்றதும் அச்சம் தோன்றுவதில்லை, மதிப்பே தோன்றுகிறது. அம்மதிப்பு தகுதியுடையதே. ஆயினும், அதன் நிழலில் ஒரு நோய் மறைந்து வளர இடங்கொடுத்துவிடலாகாது என்பதே என் வேண்டுகோள்.

1873ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் கல் என்பாரும், பாரிசில் லாசேக் என்பாரும், ஒருவரையொருவர் சாராமல், இளம்பெண்கள் சிலர் உடற்பிணி எதுவுமின்றி உணவை மறுத்து மெலிவதை மருத்துவ உலகிற்கு விளக்கினர். அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயர் கல் இட்டது. 1979இல் ஜெரால்டு ரசல் என்னும் மருத்துவர் புலிமியா நெர்வோசா என்ற மற்றொரு வகையை விளக்கினார். மிகுதியாக உண்டுவிட்டுப் பின் வாந்தி முதலியவற்றால் அதனை வெளியேற்றுவது இதன் இயல்பு. இதில் உடல் மெலியாமலே இருக்கலாம். ஆதலின் வீட்டார் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. உப்பு விளையும் நிலத்தருகே வாழும் நமக்கு ஒன்று சொன்னால் எளிதில் விளங்கும். உடலுக்குள்ளும் பொட்டாசியம் முதலிய உப்புகள் அளவு பிசகாமல் இருத்தல் வேண்டும். ஓயாத வாந்தியால் அவை குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். எனவே இந்நோயைப் பிள்ளைகளின் பிடிவாதம் என்று எண்ணி ஒதுக்குதல் தகாது.

காரணம் என்ன? ஒற்றைக் காரணம் இல்லை என்பதே ஆய்வுகளின் முதல் முடிவு. பரம்பரைக்கு இதில் பெரும்பங்கு உண்டென்று இரட்டையர் ஆய்வுகள் காட்டின. 2019இல் ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்த பன்னாட்டுக் குழுவொன்று, அனோரெக்சியாவுடன் தொடர்புடைய எட்டு மரபணுப் பகுதிகளைக் கண்டது. அவற்றின் தொடர்பு மனத்தோடு மட்டும் நிற்கவில்லை; உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் இருந்தது. அடுத்தது இயல்பு. எதிலும் குறையிருக்கக் கூடாது என்று தம்மையே வருத்திக்கொள்ளும் பிள்ளைகள், மனக்கலக்கம் மிகுந்த பிள்ளைகள் ஆகியோரிடம் இந்நோய் எளிதில் வேர்கொள்கிறது. பாடத்தில் முதலிடம், சொன்ன சொல் தட்டாமை என நாம் மெச்சும் பிள்ளைகளே இதில் அகப்படக்கூடும். தன் வாழ்வில் வேறெதுவும் தன் கையில் இல்லை என்று உணரும் பெண், தன் உணவையேனும் தன் ஆணைக்குள் வைத்துக்கொள்ள முயல்கிறாள் என்று ஹில்டே புரூக் என்னும் மருத்துவர் விளக்கினார்.

மூன்றாவது சூழல். பிஜித் தீவுகளில் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்னும் ஆய்வாளர், அது வந்த புதிதிலும் மூன்றாண்டு கழித்தும் பள்ளி மாணவியரை ஆராய்ந்தார். எடை குறைக்க வாந்தி எடுப்பவர் முதலில் ஒருவரும் இல்லை. மூன்றாண்டில் நூற்றுக்குப் பதினொருவர் ஆயினர். பருத்த உடலை மதித்த ஒரு சமூகத்தில் இது நிகழ்ந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்காவதாக ஒன்று, நமக்கு மிக இன்றியமையாதது. பசியே மனத்தைத் திரிக்கும் என்பது அது. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார் 36 இளைஞர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். அவ்விளைஞர்கள் கொல்லாமையைக் கொள்கையாகக் கொண்டு போருக்குச் செல்ல மறுத்தவர்கள். போரால் பட்டினி கிடந்தோர்க்கு உதவும் என்று தாமே முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தனர். உடல் நலமும் மன உறுதியும் வாய்ந்த அவர்களுக்கு என்ன நேர்ந்தது? எடையில் கால்பங்கு குறைந்தது. எந்நேரமும் உணவைப் பற்றியே எண்ணினர். சமையல் நூல்களைச் சேர்த்தனர். ஒரு வேளை உணவை நெடுநேரம் இழுத்து இழுத்து உண்டனர். சினமும் சோர்வும் மிகுந்தன. நட்பிலும் படிப்பிலும் நாட்டம் போயிற்று. உணவு மீண்டும் கிடைத்தபின்னும் சிலர் அளவின்றி உண்டனர். முன்பு நோயில்லாதவர்க்கே பட்டினி இவ்வளவு செய்யுமாயின், நோயின் விதையைத் தாங்கிய ஒரு சிறுமிக்கு என்ன செய்யும்? உண்ணாமை மனத்தைத் திரிக்கிறது. திரிந்த மனம் மேலும் உண்ண மறுக்கிறது. இச்சுழலில் சிக்கியவரிடம் அறிவுரை மட்டும் பயன் தராததற்குக் காரணம் இதுவே.

நம் நாட்டிலும் இது காணப்படுகிறதா? சென்னையில் சீனிவாசன், சுரேஷ், வசந்தா ஜெயராம் முதலிய மருத்துவர்கள் மருத்துவ மாணவர் 210 பேரை ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட கட்டுரை, அவர்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் உணவு, எடை பற்றிய உளவருத்தத்துடன் இருப்பதாகக் கூறிற்று. அதே ஆண்டில் தில்லி மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களின் நிலையை எழுதினர். அப்பெண்கள் உண்ண மறுத்தனர், வாந்தி எடுத்தனர், மெலிந்தனர். ஆனால் மேனாட்டு நூல்கள் கூறும் அளவுக்குத் தம் உடல் வடிவைப் பற்றிக் கவலைப்படவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சிறார் மனநலப் பிரிவுக்கு வந்தோரை ஆராய்ந்து 2007இல் வெளியான கட்டுரையிலும், உளக்காரணத்தால் வரும் வாந்தியே மிகுதியாகக் காணப்பட்டது. ஹாங்காங்கிலும் சிங் லீ என்னும் மருத்துவர், பருமனைப் பற்றிய அச்சமின்றி உண்ண மறுத்த நோயாளிகள் பலரைக் கண்டார்.

இவற்றிலிருந்து நான் கொள்வது ஒன்று. நோய் தன் காரணத்தை அந்தந்தச் சமூகத்தின் மொழியிலேயே கூறுகிறது. ஓரிடத்தில் 'நான் பருத்துவிட்டேன்' என்கிறது. மற்றோரிடத்தில் 'வயிறு சரியில்லை' என்கிறது. நம் வீட்டில் 'இன்று எனக்கு நோன்பு' என்றும் அது கூறலாம் அல்லவா?

பசியையும் உணவையும் நோயோடு சேர்த்து எண்ணுவது நம் முன்னோர்க்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை எவ்வளவு உண்டும் தீராத யானைத்தீ என்னும் நோயால் வருந்தினாள். நம் மரபிலே சமந்தபத்திரர் வரலாறு உண்டு. தீராப் பசியாகிய பஸ்மக நோய் பற்றிய அப்பெருந்துறவி, சல்லேகனை நோற்று உயிர்விட ஆசிரியரிடம் இசைவு கேட்டார். ஆசிரியர் இசையவில்லை. துறவுக் கோலத்தைச் சிலகாலம் நீக்கியேனும் நோயைத் தீர்த்துக்கொண்டு வருக என்று பணித்தார். அவ்வாறே நோய் நீங்கி மீண்டும் துறவு பூண்ட பின்னரே அவர் தொண்டு முழுமை பெற்றது என்பர். தீர்க்கக்கூடிய நோய்க்கு மருந்தே வழி, நோன்பு வழியன்று என்பது அவ்வாசிரியர் தந்த தீர்ப்பு. அச்சமந்தபத்திரரே தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், தவிர்க்கவியலாத இடையூறு, பஞ்சம், முதுமை, தீராப்பிணி ஆகியவை நேர்ந்தவிடத்துத்தான் சல்லேகனை என்று வரையறுத்தார். அந்நூலின் வழியில் அமைந்த அருங்கலச்செப்பு நம் இல்லங்களுக்குப் பழகியதே. தத்துவார்த்த சூத்திரமும் தவத்தைக் கூறுமிடத்து, அவரவர் ஆற்றலுக்கு இயைந்த தவம் என்றே கூறுகிறது.

அப்படியாயின் நோன்பையும் நோயையும் எவ்வாறு பிரித்தறிவது? நோன்புக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, பெரியோரிடம் சொல்லி ஏற்பது, பாரணையோடு நிறைவது. பாரணையன்று நோற்றவர் முகத்தில் மகிழ்ச்சி இருக்கும். நோய்க்குப் பாரணை இல்லை. ஒரு நோன்பு முடியுமுன் மற்றொன்று தொடங்கும். பாரணை உணவைக் கண்டால் அச்சம் எழும். நோன்பு மனத்தை உணவினின்று விடுவிக்கிறது. நோய் மனத்தை உணவோடு கட்டிப்போடுகிறது. நோன்பு மறைப்பதில்லை, நோய் மறைக்கும். தனித்து உண்ணுதல், உண்டவுடன் எழுந்து மறைதல், மயக்கம், எப்போதும் குளிர்தல், முடி உதிர்தல், மாதவிடாய் நின்றுபோதல் இவற்றைக் கண்டால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இந்நோய் பெண்களுக்கே உரியதன்று, ஆண்பிள்ளைகளுக்கும் வரும். நெடுநாள் பட்டினிக்குப்பின் ஒரேயடியாக மிகுதியாக ஊட்டுவதும் இடர் தரும். அதற்கும் மருத்துவர் மேற்பார்வை தேவை.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வளர்ப்பே காரணம் என்று எவரேனும் சொன்னால் மனம் உடைய வேண்டா. பழைய நாளில் அறிஞர் சிலரும் அவ்வாறு கருதினர். இன்று அக்கருத்து மாறிவிட்டது. இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான முறை, பெற்றோரைக் குற்றவாளிகளாக்காமல், பிள்ளைக்கு உணவூட்டி மீட்கும் துணைவர்களாக்கியது. இளையோர் பலர் அம்முறையால் நலம் பெறுகின்றனர். தொடக்கத்திலேயே கண்டால் மீள்வது எளிது. யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண்ணாகிய 14416இல் தமிழிலேயே பேசலாம்.

நம் அறக்கட்டளைக்கும் ஒரு வேண்டுகோள். நோன்பு நாள்களை எண்ணிச் சிறாரை மேடையேற்றிப் பரிசளிக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின் அதனை விட்டுவிடுவோம். இளையோர் ஒருவர் நீண்ட நோன்பு ஏற்க விரும்பினால், அதற்கு முன் பெரியோர் ஒருவர் தனியே அமர்ந்து, 'ஏனம்மா நோற்கிறாய்? மனம் எப்படி இருக்கிறது?' என்று பரிவோடு கேட்கட்டும். 'இளைத்து அழகாகிவிட்டாய்', 'பருத்துவிட்டாய்' என்னும் பேச்சுகளையும் விருந்துக் கூடங்களில் நிறுத்துவோம். கொல்லாமை நம் முதல் அறம். தன் உடம்பையே தண்டித்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் உயிரும் அவ்வறத்தின் காவலுக்கு உரியதே.